பிடியரிசியும் கருவூலமும்



ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துவதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது? இந்தக் கேள்வியைப் பற்றி உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். பொருளாதார நூல்களிலிருந்து தொடங்க வேண்டிய பேச்சுத்தான் இது. ஆயினும் நான் இதனை எங்கள் ஊரின் ஒரு சிறு வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் இந்தக் கேள்வியை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

எனது ஊர் ஏழாயிரம்பண்ணை. விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ளது. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்னும் மூன்று தீப்பெட்டி நகரங்களுக்கு நடுவே, கரிசல் மண்ணில் அமைந்த ஊர். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பொய்த்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அவ்வாறு மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்து மக்களுக்குக் கஞ்சி வார்த்தவை தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும்தாம்.

1970களின் தொடக்கத்தில் நான் ஊரில் தொடக்கப் பள்ளியில் பயின்றேன். அந்நாளில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆலைகளின் பேருந்துகள் கிராமங்களுக்குள் வரும். ஒலிப்பான் சத்தம் கேட்டதும், தூக்குச்சட்டியில் பழைய கஞ்சியை எடுத்துக்கொண்டு, உறக்கம் கலையாத கண்களோடு பிள்ளைகள் ஓடி வந்து ஏறுவார்கள். தீக்குச்சிகளை வரிசை வரிசையாகச் சட்டத்தில் அடுக்குவது அவர்கள் வேலை. ‘கட்டை அடுக்குதல்’ என்று அதனைச் சொல்வோம். விரல் சிறியதாக இருந்தால் வேலை விரைவாக நடக்கும் என்பது அக்காலத்துப் பேச்சு. பேருந்து திரும்பி வரும்போது ஊரில் விளக்கேற்றியிருப்பார்கள்.

நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழன் ஒருவன் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். எங்கள் ஆசிரியர் நல்லவர். ஒரு மாலை அவன் வீட்டுக்கே நேரில் சென்றார். வீட்டைக் காட்டுவதற்காக நானும் உடன் சென்றேன். தோழனின் தாயார் வாசலில் அமர்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியர் சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் இவ்வாறு சொன்னார்: “வாத்தியாரய்யா, பள்ளிக்கூடத்துல சம்பளம் கிடையாதுங்கீக, வாஸ்தவந்தான். ஆனா இவன் அங்க வந்து உக்காந்தா அன்னைக்கு எனக்கு ஒன்றரை ரூவா போச்சு. அத யாரு குடுப்பாக?”

ஆசிரியர் விடை கூறாமல் திரும்பி நடந்தார். பிற்காலத்தில் நானும் ஆசிரியனாகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, ஓய்வும் பெற்றுவிட்டேன். கல்வி பற்றிய அறிக்கைகள் பலவற்றைப் படித்தேன். அந்த அம்மையார் கேட்டதைக் காட்டிலும் நேரான கேள்வியை அவற்றில் நான் கண்டதில்லை.

அக்கேள்வியைச் சற்று விளக்கிக் கூறுகிறேன். கல்விக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் செலவு: கட்டடம், கரும்பலகை, புத்தகம், ஆசிரியரின் ஊதியம் ஆகியவை. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத செலவு: பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில் வீடு இழக்கும் வருவாய். வசதியுள்ள வீட்டில் இந்த இரண்டாவது செலவை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏழை வீட்டிலோ முதற்செலவைவிட இதுவே பெரிது. பொதுக் கல்விக்கு அரசு செலவிட்ட வரலாறு என்பது, முதலில் கண்ணுக்குத் தெரியும் செலவையும், பின்னர் மெல்ல மெல்லத் தெரியாத செலவையும் பொதுப் பணத்தில் ஏற்கக் கற்றுக்கொண்ட வரலாறுதான். அவ்வாறு கற்றுக்கொள்ள நூறாண்டுகளுக்கு மேல் ஆயின.

பழைய நாளில் நம் கிராமங்களில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் கலெக்டர்களிடம் பள்ளிகளைப் பற்றிய கணக்குக் கேட்டார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவரும் இருப்பதாகத் தெரிய வந்தது. அப்போதைய மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். அதாவது ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி இருந்தது; மாணவரோ ஏறக்குறைய எழுபது பேருக்கு ஒருவர்தான். அந்த ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளின் பெற்றோர் கொடுப்பதே வருவாய். மாதம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று மன்றோ எழுதினார். மக்களின் வறுமையும், அரசின் ஊக்கம் இல்லாமையுமே கல்வியின் தாழ்நிலைக்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு. 1826இல், தாலுகாதோறும் அரசு ஊதியம் தரும் பள்ளிகளை வைக்க வேண்டுமென்று அவர் ஒரு திட்டமும் வகுத்தார்.

ஆனால் அந்நாளைய அரசின் கைப்பிடி இறுக்கமானது. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும் என்றது. அதுவே பெரிய காரியமாக எண்ணப்பட்டது. 1854இல் சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி ஆணை, உதவி மானியம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. ஊரார் பள்ளி நடத்தினால், அரசு அதன் செலவில் ஒரு பங்கைத் தரும் என்பதே அம்முறை. இன்றும் நீங்கள் ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்று பெயர்ப்பலகைகளில் படிக்கிறீர்கள் அல்லவா? அந்தச் சொல்லின் வேர் அங்கே இருக்கிறது.

ஊரார் பள்ளி நடத்துவது எவ்வாறு? இதற்கு எங்கள் மாவட்டமே சிறந்த எடுத்துக்காட்டு. விருதுபட்டி என்று அந்நாளில் வழங்கிய விருதுநகரில், வணிகர்கள் தாங்கள் செய்யும் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு எடுத்துவைத்தார்கள். அதற்கு ‘மகமை’ என்று பெயர். கோயில், கிணறு, சத்திரம் ஆகியவற்றோடு பள்ளிக்கூடத்திற்கும் மகமைப் பணம் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுநிதியில் வளர்ந்த பள்ளி. வீடுகளில் பிடியரிசியும் சேர்த்தார்கள். இல்லத்தரசி உலையில் அரிசியை இடுவதற்கு முன்பு, ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார். அவ்வாறு வீடுதோறும் சேர்ந்த அரிசியை வாரம் ஒருமுறை திரட்டிப் பள்ளிக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு பிடி குறைவதால் எந்த வீட்டுக்கும் பசி வந்துவிடாது. ஆயிரம் பிடி சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடம் நடக்கும்.

வரி என்பதன் தத்துவம் முழுவதும் அந்தப் பானைக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் அதன் குறையும் அதனுள்ளேயே இருக்கிறது. வணிகம் தழைத்த ஊரில் மகமை சேர்ந்தது, பள்ளி எழுந்தது. கடைவீதியே இல்லாத கரிசல் கிராமத்தில், உலைக்கே அரிசி இல்லாத வீடுகளில், எந்தப் பிடியை எடுத்துவைப்பது? பள்ளி மிகவும் தேவைப்பட்ட ஊரில்தான் அதனை நடத்தும் வலிமை மிகக் குறைவாக இருந்தது. ஊரின் எல்லையோடு கொடை நின்றுவிடும். அந்த எல்லையைத் தாண்டிச் செல்ல அரசின் கருவூலம் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே கவனியுங்கள். 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்த காமராசர் பயின்ற பள்ளி அந்த க்ஷத்திரிய வித்தியாசாலைதான். தந்தையை இழந்த பிறகு, பன்னிரண்டு வயதளவில் அவர் படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்மாமனின் துணிக்கடைக்கு வேலைக்குச் சென்றார். பள்ளியின் கதவு அவருக்கு அடைக்கப்படவில்லை. வீட்டின் நிலை அவரை வெளியே அழைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டாவது செலவைப் பிடியரிசியால் ஈடுகட்ட இயலவில்லை.

இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் அரசே கல்வி தர இயலும் என்று முதலில் செய்து காட்டியது ஒரு சுதேச சமஸ்தானம். பரோடா மன்னர் சாயாஜிராவ், 1893இல் அம்ரேலிப் பகுதியில் கட்டாய இலவசக் கல்வியைத் தொடங்கி, 1906இல் தம் நாடு முழுவதற்கும் விரிவாக்கினார். அதனைச் சுட்டிக்காட்டி, 1911ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே மத்தியச் சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசும், ஒரு பங்கை உள்ளாட்சி அமைப்புகளும் ஏற்க வேண்டுமென்பது அவர் கருத்து. பணம் எங்கே என்று கேட்டார்கள். மக்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்றார்கள். 1912இல் மசோதா 38 வாக்குகளுக்கு எதிராக 13 வாக்குகளே பெற்றுத் தோற்றது. ஆனால் அக்கருத்து தோற்கவில்லை. 1920இல் சென்னை மாகாணம் தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றியது. உள்ளாட்சி அமைப்புகள் கல்விக்கென்றே வரி விதிக்கவும், அத்தொகையோடு அரசு தன் பங்கைச் சேர்க்கவும் அது வழி செய்தது. பிடியரிசி சட்டமாயிற்று என்று இதனைச் சொல்லலாம்.

அதே 1920ஆம் ஆண்டில் சென்னை நகரில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சியின் தலைவராக இருந்தார். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி தருவதென்று மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது. பின்னர் மேலும் சில பள்ளிகளுக்கு அது பரவியது. ஐந்து பள்ளிகளில் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. புதிய கட்டடம் எழுப்பவில்லை. புதிய பாடமும் வைக்கவில்லை. ஓர் அணாச் சிற்றுண்டிதான் அந்தப் பெருக்கத்தைச் செய்தது. ஆயினும் 1925இல் அது நிறுத்தப்பட்டது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று அரசு தடுத்துவிட்டது.

அந்தத் தடையை நாம் எளிதில் பழித்துவிடலாம். ஆனால் அது அக்காலத்து நினைப்பை நமக்குக் காட்டுகிறது. ஆசிரியரின் ஊதியம் கல்விச் செலவு. பிள்ளையின் பசி குடும்பத்தின் பாடு. இவ்விரண்டும் வேறு வேறு என்று அவர்கள் எண்ணினார்கள். இங்கிலாந்திலும் இதே நினைப்பு இருந்து, மாறியது. அங்கே 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1880இல் பள்ளி வருகை கட்டாயமாயிற்று. 1891இல் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் நீங்கியது. பசித்த குழந்தையை வகுப்பில் உட்காரவைத்துப் பயனில்லை என்று உணர்ந்து, பள்ளியில் உணவளிக்க 1906இல் சட்டம் செய்தார்கள். பள்ளி, கட்டாயம், கட்டணமின்மை, உணவு என்ற வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஏறிய பிறகுதான் அடுத்த படி கண்ணுக்குத் தெரிந்தது.

நாடு விடுதலை பெற்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, அதன் 45ஆவது பிரிவில், பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. ஆனால் கருவூலம் சிறியது. 1953இல் ராஜாஜியின் அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. இருக்கின்ற ஆசிரியரைக் கொண்டே இரு முறையாக அதிகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அதன் சிக்கனக் கணக்கு. பிறந்த தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிவைக்கும் முயற்சி என்று அதற்கு எதிராக மாநிலமெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், அத்திட்டம் கைவிடப்பட்டது.

தமது பன்னிரண்டாம் வயதில் பள்ளியை விட்டவர் கையில் இப்போது கருவூலத்தின் சாவி வந்தது. ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் தோள் கொடுத்தார். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் நிலம் தந்தார்கள். பெஞ்சும் நாற்காலியும் தந்தார்கள். பிள்ளைகளுக்குச் சீருடை தந்தார்கள். அரசு ஆசிரியரைத் தந்தது. பிடியரிசியும் கருவூலமும் ஒன்றையொன்று விலக்காமல் கைகோத்து நடந்த காலம் அது. ஏழை மாணவருக்கு உயர்நிலைப் பள்ளி வரை சம்பளமும் நீக்கப்பட்டது.

இவையெல்லாம் நடந்த பிறகும் 1970களில் என் தோழன் ஏன் பேருந்தில் ஏறினான்? பள்ளியில் எங்களுக்குக் கோதுமை உப்புமா கிடைத்தது உண்மை. அது ஒரு வேளைச் சோற்றின் விலையை ஈடுசெய்தது. ஒன்றரை ரூபாய்க் கூலியை ஈடுசெய்யவில்லை. போதாக்குறைக்கு, ஆலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டிடம் அவன் வீட்டார் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அந்தக் கடன் தீரும்வரை அவன் விரல்கள் அவனுடையவை அல்ல.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலின் கதை 1923ஐ ஒட்டித் தொடங்குகிறது. அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தொழிலைக் கற்றுவந்து இங்கே நிலைநாட்டினார்கள். வறண்ட நிலத்துக்கு அது வாழ்வளித்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வாழ்வில் ஒரு பங்கு குழந்தைகளின் உழைப்பிலிருந்து வந்தது என்பதையும் மறைக்க முடியாது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தும் சட்டம் வந்தது. அதே ஆண்டில், வழக்கறிஞர் எம். சி. மேத்தா சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 10ஆம் நாள் அவ்வழக்கில் தீர்ப்பு வெளியாயிற்று.

அத்தீர்ப்பைப் படித்தபோது, எங்கள் ஊர் அம்மையாரின் கேள்வி டெல்லி வரை சென்று விடையோடு திரும்பியதாக எனக்குத் தோன்றிற்று. அபாயமான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும். இயலாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்தத் தொகையின் வருவாய், பிள்ளை பள்ளிக்குச் செல்லும் காலம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். பிள்ளையை அனுப்பாவிட்டால் நின்றுவிடும். இதுவே தீர்ப்பின் சாரம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 25,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,500 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 208 ரூபாய். ஒரு பிள்ளையின் கூலியை இது முழுதும் ஈடுசெய்யாது. தீர்ப்பில் சொன்னது எல்லா இடத்திலும் சொன்னபடி நடந்தது என்றும் கூற இயலாது. ஆயினும் பள்ளிக்கு வரும் பிள்ளையின் வீடு ஒன்றை இழக்கிறது, அந்த இழப்பும் கல்விச் செலவுதான், அதனைப் பொதுவில் ஏற்க வேண்டும் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1925இல் மறுக்கப்பட்ட உண்மை 1996இல் தீர்ப்பாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டில், 1997இல், மெக்ஸிகோ நாடு கிராமத்து ஏழைத் தாய்மார்களுக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் உதவித்தொகை தரும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் பல நாடுகள் அவ்வழியைப் பின்பற்றின.

இதற்கிடையே நம் மாநிலத்தில் படிகள் கூடிக்கொண்டே வந்தன. 1982இல் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2001இல் உச்சநீதிமன்றம், நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர ஆணையிட்டது. 2002இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதற்குரிய சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2022இல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022இல் வந்தது. மாணவருக்கு அவ்வாறே 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரி நண்பர்களில் சிலர் அதனைப் பெற்றும் இருப்பீர்கள்.

“இது இலவசந்தானே, தருமந்தானே” என்று சிலர் ஏளனமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு விடை உண்டு. கடையில் ஒரு தீப்பெட்டி வாங்குகிறோம். ஒரு சோப்பு வாங்குகிறோம். அதன் விலைக்குள் வரியும் இருக்கிறது. தீப்பெட்டி ஒட்டிக் கூலி பெறும் தாயும், அடுப்பு மூட்டத் தீப்பெட்டி வாங்கும்போது அரசுக்கு வரி கொடுக்கிறாள். அவளறியாமல் அவள் இடும் பிடியரிசி அது. கருவூலம் என்பது வீடுதோறும் சேர்த்த அந்தப் பானைதான். வாய் மட்டும் பெரிது. அதிலிருந்து அவள் பிள்ளைக்கு வருவதைத் தருமம் என்று சொல்வது, அவள் இட்ட பிடியை மறந்து பேசுவதாகும்.

அந்தப் பானைக்கு இன்று ஒரு காவலர் மட்டும் இல்லை. 1976வரை கல்வி மாநிலங்களின் பட்டியலில் இருந்தது. அவ்வாண்டின் அரசியலமைப்புத் திருத்தம் அதனை மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலுக்கு மாற்றியது. 2018இல் வந்த சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக்கல்வித் திட்டத்தில், பெரும்பாலான மாநிலங்களுக்குச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கு மத்திய அரசும், நாற்பது பங்கு மாநில அரசும் ஏற்க வேண்டும். பங்கு இரண்டாகும்போது பூசலும் பிறக்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த திட்டம் ஒன்றில் தமிழ்நாடு ஒப்பந்தம் செய்யாததைக் காரணம் காட்டி, 2024-25இல் இத்திட்டத்துக்குரிய மத்திய நிதி நிறுத்திவைக்கப்பட்டது. கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் மாநிலத்தின் உரிமை, நிதியை அதனோடு கட்டக் கூடாது என்று மாநில அரசு 2025இல் உச்சநீதிமன்றத்தை நாடியது. எப்பக்கம் நியாயம் என்பதை நீங்கள் படித்து ஆராய்ந்து முடிவு செய்யுங்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றே: பணத்தைப் பற்றிய இத்தகைய வாதம் எதுவும் உங்கள் வகுப்பறைக்கு வெளியே நடப்பதன்று.

கோத்தாரி கல்விக் குழு, 1966இல் அளித்த அறிக்கையில், நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றது. 1968ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை அதனை ஏற்றது. அதற்குப் பின்வந்த கொள்கைகளும் அதனைத் திரும்பக் கூறின. அந்த எல்லை இன்னும் எட்டப்படவில்லை. எட்டாததற்குக் காரணம் பணக்குறை மட்டுமா? பிடியரிசி இட்ட வீட்டார், தங்கள் அரிசி எந்தப் பள்ளிக்குப் போகிறது, ஆசிரியர் வருகிறாரா என்று நாள்தோறும் பார்த்தார்கள். கருவூலமோ தொலைவில் இருக்கிறது. அதனால் அதனை நாம் பார்ப்பதை விட்டுவிட்டோம். வசதியுள்ளவர் தம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டதும், பொதுப் பள்ளியின் நலம் தமக்கு வேண்டாத செய்தியாகிவிடுகிறது. பொதுப் பள்ளிக்கு வந்த பெரிய தீங்கு இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஆகவே உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் படிக்கப்படும். மறுநாள் செய்தித்தாளில் சினிமாப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பு, பள்ளிக் கல்விக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பாருங்கள். அதில் ஊதியத்துக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று கணக்கெடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் வராமல் நிற்கும் நாள் எது, ஏன் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த விடையையும் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பொருளாதாரத்தில் இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

எங்கள் பக்கத்தில் இன்றும் விடியற்காலையில் வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் பெரியவர்களே செல்லக் காண்கிறேன். குழந்தை உழைப்பு முற்றும் ஒழிந்தது என்று கூறத் துணியேன். ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது கண்ட காட்சி இன்று இல்லை. பெரியவர்கள் செல்லும் வேலையும் அச்சமற்றதன்று. 2021 பிப்ரவரி 12ஆம் நாள், எங்கள் ஊருக்கு அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தாய் தந்தையர் அத்தகைய கூடங்களுக்குள் செல்வது, தம் பிள்ளை அங்கே வரக் கூடாது என்பதற்காகவே. அந்தப் பிள்ளை பள்ளியில் உட்காரும் இடத்தைப் பொதுப் பணம் காக்க வேண்டும்.

சென்ற ஆண்டு என் பழைய தோழனைச் சாத்தூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டேன். அவனுடன் அவன் பேத்தி நின்றாள். கல்லூரியில் கணிதம் படிக்கிறாளாம். மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் வருகிறதாம். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகிறது என்றாள். அவன் சிரித்துக்கொண்டே, “எங்க ஆத்தா கேட்டதுக்கு இப்பத்தான் பதில் வந்திருக்கு” என்றான். பிறகு சற்று நேரம் பேசாமல் நின்றான். கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்பதை நாங்கள் இருவரும் மறக்கவில்லை.